பதிலாள் கொடுத்த வாக்கு

2068 ஆகஸ்ட் 14, செவ்வாய்க்கிழமை. ஈரோட்டில் காலை எட்டு மணிக்கே வெப்பம் முப்பத்தேழு பாகையைத் தொட்டிருந்தது. மேற்கிலிருந்து புழுதிக்காற்று வீசியது. மழைக்கான வாய்ப்பு நூற்றுக்கு நான்கு என்று தெருமுனை அறிவிப்புப் பலகை காட்டியது. அன்று எனக்குத் தேர்வு நாள். ஏழாண்டுகளுக்கு ஒருமுறை, பழைய மடிக்கணினியை ஒப்படைத்துவிட்டுப் புதியதொன்றையும் அதற்குரிய இயங்குதளத்தையும் பெற்றுக்கொள்ளும் நாளை எங்கள் ஊரில் அவ்வாறே அழைப்பார்கள். நான் கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையை அணிந்துகொண்டேன். கணினியின் மூடியை ஈரத்துணியால் இருமுறை துடைத்தேன். பெண் பார்க்கப் போகிறவனைப் போல நான் கண்ணாடிமுன் நின்றதாக என் மனைவி குறிப்பிட்டாள்.

எங்கள் பெற்றோர் காலத்தில் கடைக்குச் சென்று, தம்மைப் பற்றித் தாமே சொல்லிக்கொண்டதை நம்பி, விரும்பிய கணினியை வாங்கி வந்தார்கள். படம் மட்டுமே பார்க்கிறவர் பாலம் கட்டும் பொறியாளருக்குரிய கருவியை வாங்கினார். அரிய உலோகங்கள் அவ்வாறே தீர்ந்துபோயின. அதன் பிறகு வந்த சட்டம் எளிமையானது: ஒருவருக்கு என்ன கணினி தேவை என்பதை அவர் சொல்லக்கூடாது, அவருடைய பழைய கணினியே சொல்ல வேண்டும். ஏழாண்டுகளில் அது என்னென்ன செய்தது என்னும் தொகுப்புக்குப் பயனுரை என்று பெயர். குடும்பத்தார் ஒருவர் சாட்சியாக அமர்ந்திருக்க, தேர்வகத்தில் அது உரக்கப் படிக்கப்படும். அதற்கேற்ப முதல் தரமோ, இரண்டாம் தரமோ, மூன்றாம் தரமோ கிடைக்கும். முதல் தரத்தின் மூடியில் மூன்று வெள்ளிக் கோடுகள். இரண்டாம் தரத்தில் இரண்டு. மூன்றாம் தரத்தின் மூடி வெறுமையானது.

நான் மஞ்சள் கிடங்கொன்றில் மேற்பார்வையாளனாக இருந்து ஓய்வு பெற்றவன், வயது ஐம்பத்தாறு. கணினியில் நான் பார்த்தவை பேருந்து நேரம், வானிலை, இரவுச் சாப்பாட்டின்போது பாதிப் படம், உறவினர் அனுப்பும் புகைப்படங்கள். இவற்றுக்கு மூன்றாம் தரமே மிகுதி என்பதை நான் அறிவேன். ஆயினும் என் மகளின் வளைகாப்பில் சம்பந்தி தம் இருகோட்டுக் கணினியைப் பந்தி மேசைமேல் விரித்து வைத்துப் படம் காட்டினார். என்னுடையதை நான் பைக்குள்ளேயே வைத்திருந்தேன். "உங்களுது சார்ஜ் இல்லைங்களா" என்று அவர் கேட்டார். இல்லை என்று சொன்னேன். அந்தப் பொய்யிலிருந்துதான் எல்லாம் தொடங்கியது என்று இப்போது எண்ணுகிறேன்.

தேர்வு நாளுக்கு முந்திய நாற்பது நாட்களில் கணினியைக் கொழுக்க வைப்பது எங்கள் பகுதியின் வழக்கம். சந்தைக்குக் கொண்டுபோகுமுன் ஆட்டுக்குப் பிண்ணாக்கு வைப்பதைப் போன்றது. சிலர் சதுரங்கத்தைத் தனக்குத் தானே ஆடவிட்டுத் தூங்கப் போவார்கள். சிலர் உலக நாடுகளின் மழையளவை எல்லாம் கூட்டிப் பெருக்கச் சொல்வார்கள். தேநீர்க்கடையில் எனக்கு அறிவுரை சொன்னவர், அவையெல்லாம் பழைய முறை என்றும், பதிலாளை முழு அளவில் திறந்து விடுவதே சிறந்தது என்றும் கூறினார். பதிலாள் என்பது இயங்குதளத்தின் உள்ளிருக்கும் உதவியாளன். உரிமையாளரின் குரலிலேயே மின்வாரியத்துக்கும் வங்கிக்கும் பதில் சொல்லும். அதுவரை என் பதிலாள் குடிநீர் வரி தொடர்பாக மட்டுமே வாய் திறந்திருந்தது.

முழு அளவில் திறப்பதற்கு முன் அது என்னிடம் பத்தொன்பது கேள்விகள் கேட்டது. ஒரு குவளைத் தேநீர் ஆறுவதற்குள் பத்தொன்பதுக்கும் ஆம் என்று அழுத்தினேன். எவரும் அவற்றைப் படிப்பதில்லை, நானும் படிக்கவில்லை. அதன்பின் என் கணினி இரவும் பகலும் இதமான சூட்டுடன் இருந்தது. அந்தச் சூட்டில் கைவைத்துப் பார்க்கும்போது, கறவை மாட்டின் மடியைத் தொட்டவனைப் போன்ற நிறைவு எனக்குள் உண்டானது.

சாட்சியாக என் அக்காவை அழைத்திருந்தேன். அவர் பெயர் சுபிக்ஷா. என்னைவிட ஆறு வயது மூத்தவர். உடற்கல்வி ஆசிரியையாக முப்பது ஆண்டுகள் விசில் ஊதியவர். ஐந்தாண்டுகளுக்கு முன் மாமா இறந்தபின் பவானியில் தனியே வாழ்கிறார். பவானிக்கும் ஈரோட்டுக்கும் இடையே முக்கால் மணி நேரப் பேருந்துப் பயணம்தான். அந்தத் தொலைவை நான் ஆண்டுக்கு இருமுறை கடந்தேன். சாட்சியாக வர முடியுமா என்று கேட்டு இரண்டு வரி எழுதி அனுப்பினேன்; வருகிறேன் என்று உடனே பதில் வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் எப்போதும் பேசுகிற அக்கா சில வாரங்களாகப் பேசவில்லை என்பது அப்போது நினைவுக்கு வந்தது. வேலையாக இருப்பார் என்று எண்ணிக்கொண்டேன். உண்மையைச் சொல்வதானால், அது எனக்கு வசதியாகவே இருந்தது.

தேர்வகத்தின் கூடத்தில் அறுபது பேர் அமர்ந்திருந்தார்கள். அக்கா எனக்கு முன்பே வந்து எங்கள் இருவருக்கும் மின்விசிறிக்கு நேரே இடம் பிடித்திருந்தார். கழுத்தைச் சுற்றி ஒரு மெல்லிய துண்டு போட்டிருந்தார். வெயிலுக்காக என்று நினைத்தேன். என்னைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்த விதம் எனக்கு வியப்பளித்தது. என் தோளைப் பிடித்து உட்கார வைத்து, முதுகில் ஒரு தட்டுத் தட்டினார்.

"ஒரு மாசமா நீ பேசற பேச்சுக்கு எனக்கு மாத்திரையே வேண்டாம்னு இருக்குதுடா," என்றார். "முன்னெல்லாம் ஞாயித்துக்கிழமை கூப்பிட்டா, சௌக்கியமா, சரி வெச்சரட்டுமான்னு கேப்ப. வார்த்தைக்குக் காசு குடுத்து வாங்கறவனாட்டம்."

நான் சிரித்தேன். சிரிப்பு முடிவதற்குள், அந்த ஒரு மாதத்தில் நான் அவரை அழைக்கவே இல்லை என்பது உறைத்தது. அக்கா தொடர்ந்து பேசினார். முந்தாநாள் நான் சொன்ன யோசனைப்படி படுக்கையை ஜன்னல் பக்கம் மாற்றிப் போட்டதாகவும், காற்று நன்றாக வருவதாகவும் சொன்னார். மாமாவின் சட்டைகளைக் கொடுத்துவிடும்படியும், நீலச் சட்டையை மட்டும் வைத்துக்கொள்ளும்படியும் நான் சொன்னது சரியாக இருந்தது என்றார். அப்படியொரு நீலச் சட்டை இருப்பதே என் நினைவில் இல்லை. பத்தொன்பது கேள்விகளுள் ஒன்று குடும்பத்தாரைப் பற்றியதாக இருந்திருக்க வேண்டும். இன்னொன்று, பேசுவது பதிலாள்தான் என்று உணர்த்தும் மணியோசையை அவர்களுக்கு மட்டும் நிறுத்திவிடலாமா என்று கேட்டிருக்க வேண்டும். ஆம், ஆம் என்று நான் அழுத்தியிருக்கிறேன்.

பிறகு அக்கா குரலைத் தாழ்த்தினார். வியாழக்கிழமை காலை ஆறு மணிக்கு வந்தால் போதும் என்றும், முதல் பேருந்தில் கிளம்பினால் சரியாக இருக்கும் என்றும் கூறினார். வியாழக்கிழமை என்ன என்று எனக்குத் தெரியாது. கோயில் விசேஷமோ, வீடு மாற்றமோ என்று மனம் அலைந்தது. என்ன கொண்டுவர வேண்டும் என்று சூழ்ச்சியாகக் கேட்டுப் பார்த்தேன். ஒன்றும் வேண்டாம், நீ வந்தால் போதும் என்றார். அதற்குமேல் கேட்க எனக்கு வழியில்லை.

அதே நேரத்தில் மேடையில் ஒருவருடைய பயனுரை படிக்கப்பட்டது. நானூறு மணி நேரம் சதுரங்கம், எதிராளி தானே, என்று அலுவலர் படித்ததும் கூடம் முழுவதும் சிரித்தது. அந்த மனிதர் தம் மருமகன் முன்னால் தலையைக் குனிந்துகொண்டார். என்னுடையதை எவ்வாறு படிப்பார்கள் என்று எனக்கு விளங்கியது. பதிலாள், குடும்பத்தாருடன் உரையாடல், எதிர்முனை சுபிக்ஷா, இத்தனை மணி நேரம். அறுபது பேர் காதில் அது விழும். அறுபத்தோராவது காது என் அக்காவுடையது. அவரை அதிலிருந்து காப்பாற்ற வேண்டும் என்று எண்ணினேன். என்னைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும் என்பதைத்தான் அவ்வாறு எண்ணிக்கொண்டேன்.

வழி ஒன்று இருந்தது. பயனுரை வேண்டாம் என்று எழுதிக் கொடுப்பவருக்கு, படிக்காமலேயே மூன்றாம் தரக் கணினியும் வெறுந்தளமும் கொடுத்துவிடுவார்கள். வெறுந்தளத்தில் எழுதலாம், பார்க்கலாம், பேசலாம்; அது தானாக எதுவும் செய்யாது; அதில் பதிலாள் கிடையாது. மானமுள்ளவர் எவரும் அவ்வாறு எழுதிக் கொடுப்பதில்லை. மூன்று மணிக்கு என் எண் அழைக்கப்பட்டதும் நான் நேரே முகப்புக்குச் சென்று, பயனுரை வேண்டாம் என்றேன்.

முகப்பில் இருந்த அலுவலர் இருபத்தைந்து வயதுப் பெண். பெயர்ப்பட்டையில் வேலாத்தாள் என்றிருந்தது. பழம்பெயர்கள் திரும்பி வந்துவிட்ட காலம் இது. பிரணவ் என்னும் என் பெயர்தான் இன்று கிழட்டுப் பெயர். அவள் வெள்ளைத் தாளை எடுப்பதற்குள் அக்கா எனக்குப் பின்னால் வந்து நின்றுவிட்டார். விளையாட்டு மைதானத்தில் மாணவனுக்காக நடுவரிடம் வாதாடுகிற குரல் அவருடையது.

"எதுக்கம்மிணி மூணாந்தரம்? என்ற தம்பிக்குக் கூச்சம், கேக்க மாட்டான். நான் சாட்சி சொல்றேன், எழுதிக்க. தெனமும் ஒரு மணி நேரம் என்கூட மட்டும் பேசறான். நாப்பது நாளா ஒரு நாள் தப்பல. இந்தக் காலத்துல எவன் பேசறான்?"

அருகில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு பெரியவர் என்னை நோக்கி மதிப்புடன் தலையசைத்தார். வேலாத்தாள் திரையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். மீண்டும் திரையைப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்பதை நான் கண்டேன். என் வாழ்நாளில் எவர் முன்னிலையிலும் நான் அவ்வளவு சிறுத்ததில்லை. ஆனால் அவள் நல்லவள். அக்காவிடம் சற்று வெளியே காத்திருக்க முடியுமா என்று கேட்டாள். சாட்சி எங்கே போக வேண்டும் என்று அக்கா அசையாமல் நின்றார்.

வேலாத்தாள் எங்களைப் பக்கத்து அறைக்கு அழைத்துச் சென்று கதவைச் சாத்தினாள். பயனுரையை விட்டுக்கொடுக்கலாம், ஆனால் பதிலாள் கொடுத்த வாக்குகளை விட்டுக்கொடுக்க முடியாது என்று என்னிடம் விளக்கினாள். பதிலாள் அழிக்கப்படுமுன், அது பிறருக்குச் சொன்ன சொல்லைச் சாட்சியின் முன் படித்தாக வேண்டும். நிறைவேற்ற வேண்டிய பொறுப்பு உரிமையாளரைச் சாரும். "ஒண்ணே ஒண்ணுதானுங்க," என்று மெல்லச் சொல்லிவிட்டு, அவள் திரையிலிருந்து படித்தாள்.

"பதிலாள் கொடுத்த வாக்கு. ஆகஸ்ட் பதினாறு, வியாழன், காலை ஆறு மணி. பவானி. அக்கா சுபிக்ஷாவின் கழுத்துக் கட்டிக்கு அறுவைச் சிகிச்சை. உடனிருந்து ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடுதல். வாக்குரைத்தது பதிலாள். நிறைவேற்ற வேண்டியவர் உரிமையாளர் பிரணவ்."

அக்காவின் கை தானாகக் கழுத்துத் துண்டுக்குச் சென்றது. கட்டி என்னும் சொல்லை நான் அப்போதுதான் முதன்முறையாகக் கேட்கிறேன் என்பதை மறைக்க என் முகம் முயன்றது, முடியவில்லை. முப்பது ஆண்டுகள் மாணவர்களின் பொய்களைப் பார்த்த கண்கள் அக்காவுடையவை. அவர் என் முகத்தை நெடுநேரம் படித்தார்.

"நான் வர்றேன்க்கா," என்றேன்.

"எந்த நீ?" என்றார்.

அவர் நாற்காலியில் அமர்ந்தார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன்; கோபம் எனக்கு எளிதாக இருந்திருக்கும். அவரோ, மாணவரை எண்ணுகிறவரைப் போல, நாற்பது நாட்களையும் ஒவ்வொன்றாக விரல்விட்டு எண்ணிப் பார்ப்பதாகத் தோன்றியது. பிறகு வேலாத்தாளிடம், அது பேசியதெல்லாம் யார் எழுதிக் கொடுத்தது என்று கேட்டார்.

"யாரும் எழுதிக் குடுக்கறதில்லைங்கம்மா. பதிலாள் புதுசா எதையும் உண்டாக்காதுங்க. ஏழு வருசத்துல இவரு பேசினது, எழுதினது, எழுதிட்டு அனுப்பாம அழிச்சது, அதுலருந்துதான் எடுத்துப் பேசும்."

எழுதிவிட்டு அனுப்பாமல் அழித்தவை. மாமா இறந்த ஆண்டில் நான் அக்காவுக்குப் பல இரவுகள் எழுதினேன். இப்போது அந்த நீலச் சட்டையும் நினைவுக்கு வந்தது. பிணத்தின் அருகே மடித்து வைத்திருந்த சட்டை. அதை யாருக்கும் கொடுத்துவிடாதே என்று எழுதியிருந்தேன். படித்துப் பார்க்கும்போது பெண்பிள்ளை எழுதியதைப் போல இருக்கிறது என்று வெட்கி, ஒவ்வொன்றாக அழித்துவிட்டு, சாப்பிட்டாயா என்று மட்டும் அனுப்பினேன். அப்போது அன்பைக் காட்ட வெட்கப்பட்டேன். அதை ஒரு கருவி எடுத்துக் கொடுத்திருக்கிறது என்று அறிந்து இப்போது வெட்கப்பட்டேன். முன்னது வீண் வெட்கம் என்பதை அந்த அறையில்தான் கற்றேன்.

அந்தப் பதிலாளைத் தம் கணினிக்கு மாற்றித் தர இயலுமா என்று அக்கா கேட்டார். கடையில் வேறு அளவு செருப்புக் கேட்பவரின் குரலில் கேட்டார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சட்டத்தில் இடமில்லை என்றும், வெறுந்தளம் பெறுகிறவரின் பதிலாள் அன்றே அழிக்கப்படும் என்றும் வேலாத்தாள் வருத்தத்துடன் கூறினாள். நான் அவசரமாகக் குறுக்கிட்டேன். பயனுரையைப் படிக்கட்டும், அறுபது பேரும் கேட்கட்டும், எந்தத் தரம் கிடைத்தாலும் பதிலாள் புதிய கணினிக்கு மாறிப் பிழைத்துக்கொள்ளும் என்றேன். அக்கா என்னை இடைமறித்தார். அது பிழைத்தால் நீ மறுபடியும் அதனிடம் விட்டுவிட்டுப் போய்விடுவாய் என்றார். அவர் சொன்னது மெய்தான்.

அழிக்குமுன் ஒருமுறை பேசலாமா என்று அவர் கேட்டார். பேசலாம், ஆனால் இங்கே உரிமையாளரின் விரல் தொடுபலகைமேல் இருக்கும்வரையில்தான் அது பேசும் என்று வேலாத்தாள் சொல்லிவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். நான் என் விரலை வைத்தேன்.

"சுபிக்கா, சாப்டாச்சா?" என்றது என் குரல்.

அழித்த வரிகளில் எழுதியிருந்தேனே தவிர, அந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்லி நான் அவரை அழைத்து நாற்பது ஆண்டுகள் இருக்கும். அக்கா, ஆயிற்று, உன் வீட்டுப் பக்கம்தான் வந்திருக்கிறேன் என்றார். அவர்கள் சிறிது நேரம் பேசினார்கள். இரவில் கழுத்து வலித்ததா என்று அது கேட்டது. பக்கத்து வீட்டு நாய் இன்னும் குரைக்கிறதா என்று கேட்டது. அக்கா அதனுடன் பேசும்போது காலை நீட்டி, தலையைச் சுவரில் சாய்த்துக்கொண்டார். என்னுடன் பேசும்போது அவர் அவ்வாறு சாய்ந்து நான் பார்த்ததில்லை. விரலை எடுக்காமல் நின்று கேட்பதைத் தவிர எனக்கு அங்கே வேறு வேலை இல்லை.

"இன்னைக்கோட உன்னை நிறுத்தறாங்களாம்," என்றார் அக்கா.

"யாரு?"

"நீதான்."

நான் தயங்கும்போது தொண்டையைச் செருமுவேன், அதுவும் செருமியது. "அப்ப வியாழக்கிழமை?" என்று கேட்டது.

நான் குனிந்து, நான் போகிறேன் என்று என் கணினியிடம் சொன்னேன். அது என் குரலை அடையாளம் கண்டுகொண்டிருக்க வேண்டும்.

"சரி. ஊசின்னா சுபிக்காவுக்குப் பயம், வெளிய சொல்லாது. ஊசி போடறப்ப மறு கையைப் புடிச்சுக்க. பேச்சுக் குடுத்துட்டே இரு," என்றது. "வெச்சரட்டுமான்னு கேக்காத."

வேலாத்தாள் ஜன்னலிலிருந்து திரும்பவில்லை. அக்கா எழுந்து, துண்டைச் சரிசெய்து, மேசைக்கு அருகே வந்தார். திரையின் ஓரத்தை உள்ளங்கையால் ஒருமுறை தடவினார்.

"போயிட்டு வா சாமி," என்று அதனிடம் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பாமலே, மைதானத்துக் குரலில், "விரலை எடு," என்றார்.

எடுத்தேன். அப்போது மணி பிற்பகல் மூன்று நாற்பத்திரண்டு.